சேற்றுக் குயில்களின் ஒரே கேசட்

மாயவரம் பக்கத்துக் குத்தாலம் கடைத்தெருவில் பாத்திமா சவுண்ட் சர்வீஸ் என்று கேட்டால் இன்றைக்கும் வழி காட்டுவார்கள். பாத்திமா என் மனைவி. நான் அப்துல் ஹமீது, சவுண்ட் மட்டும் என்னுடையது. கடைக்கு அவள் பெயரை வைத்த நாளிலிருந்து வீட்டில் அதுவும் அவளுடையதாகிவிட்டது. கல்யாணம், காதுகுத்து, தேர், சந்தனக்கூடு எதுவானாலும் என் குழாய்தான் கத்தும். இரண்டு கழகங்களின் கூட்டத்துக்கும் நான்தான் மைக் செட். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் நான்தான். எந்த மேடையில் எந்தக் கட்சிப் பாட்டைப் போடுவது என்பதில் மட்டும் கை தவறக் கூடாது. ஒரு தடவை தவறியது. அன்றைக்கு என் ஆம்ப்ளிஃபயரை வாய்க்காலிலிருந்துதான் எடுத்தேன்.

மைக்கைப் பிடித்தால் விடமாட்டேன் என்கிற மனிதர்களோடுதான் என் பிழைப்பு. பேச எழுந்தவர் உட்கார மாட்டார். அவரை உட்காரச் சொல்ல எழுந்தவரும் உட்கார மாட்டார். இப்படிப் பழகிச் சலித்துப்போன எனக்கு, மைக்கைக் கண்டதும் ஓர் அடி தள்ளி நின்று, “இது எதுக்கு பாய், எனக்குத்தான் தொண்ட இருக்கே” என்று கேட்டவளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் பெயர் நீலாம்பாள்.

நீலாம்பாள் சாமிதுரையின் பெண்சாதி. எங்கள் ஊருக்குத் தெற்கே வாய்க்காலைத் தாண்டினால் வருகிற தெருவில் வீடு. குள்ளமான உருவம், பெரிய குரல். நடவு வயலில் அவள்தான் பாட்டெடுப்பாள். அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்களுக்குக் கை ஓடும். நீலாம்பாள் வராத அன்றைக்கு நடவு பொழுதோடு கரையேறாது என்று மிராசுதார்களே சொல்வார்கள். கூலி பேசுகிற இடத்தில் மட்டும் அது அவர்களுக்கு நினைவுக்கு வராது. எந்தப் பாட்டையும் அவள் இரண்டாம் முறை அப்படியே பாடியதில்லை. அன்றைக்கு வயலில் யார் இருக்கிறார்களோ, வரப்பில் யார் போகிறார்களோ, அவர்கள்தான் அன்றைய பாட்டு.

அவளுக்கு எதிர்ப்பாட்டுக் கட்டுகிறவள் அம்சம். நீலாம்பாளின் ஓரகத்தி, சாமிதுரையின் தம்பி ரெத்தினத்தைக் கட்டியவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான். ஆனால் அந்த வேலியைத் தாண்டி ஒரு வார்த்தை போனதில்லை, வந்ததில்லை.

சண்டைக்குக் காரணம் ஊரறிந்தது. எண்பதாம் வருஷத்து அறுவடையில் கூலி உயர்வு கேட்டுச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. மிராசுதார்கள் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார்கள். ரோடு முழுக்கப் போலீஸ். நீலாம்பாள் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் மிராசு அமிர்தலிங்கத்தின் வயலில் கொடியை நட்டாள். நட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால், வெளியூர் ஆட்களுக்கு நடுவே அரிவாளும் கையுமாகக் குனிந்திருந்தவள் அம்சம். நீலாம்பாள் இறங்கி, அவள் கையைப் பிடித்து இழுத்து வரப்பில் நிறுத்தி, ஊர் பார்க்க, போலீஸ் பார்க்க, வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிட்டாள். அம்சம் பதிலே பேசவில்லை. அவள் மகள் சுந்தரிக்குக் கடுமையான காய்ச்சல். வைத்தியத்துக்கு வீட்டில் வழியில்லை. ஒரே ஒரு காலைப்பொழுது மட்டும் என்று இறங்கியிருக்கிறாள். இது நீலாம்பாளுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. போராட்டமும் ஏதோ ஒரு மாதிரியாக முடிந்தது. ஓரகத்திகளின் பேச்சு நின்றது நின்றதுதான். என்னைக் கேட்டால் தப்பு இரண்டு பேர் மேலும் இருந்தது, அதனால்தான் முடிச்சு அவிழவில்லை. ஒருத்தி மேல் மட்டும் இருந்திருந்தால் அவள் அடுத்த வாரமே அழுது தீர்த்திருப்பாள்.

பேச்சுத்தான் இல்லையே தவிர, பாட்டு இருந்தது. அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சேற்றில் நின்று பாடுவதற்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. மாமியாரைப் பாடலாம், புருஷனைப் பாடலாம், குடை பிடித்து நிற்கிற மிராசுதாரையே பாடலாம். ஆனால் நடவு முடிந்து வாய்க்காலில் காலைக் கழுவிக் கரையேறிவிட்டால் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. எடுத்தவளை மறுநாள் நடவுக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆகவே இவர்கள் இருவரும் மனதில் இருந்ததையெல்லாம் வயலுக்கென்று சேர்த்து வைத்தார்கள். காலையில் இறங்கினால் சாயங்காலம் வரைக்கும் பாட்டிலேயே பிடித்துக்கொள்வார்கள். பிறகு காலைக் கழுவிவிட்டு ஆளுக்கொரு வரப்பில் வீட்டுக்கு நடப்பார்கள்.

எண்பத்தாறில் ஒரு புரட்டாசிக் காலையில், குழாயைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனபோதுதான் நான் இதை முதன்முதலாகக் கேட்டேன். நீலாம்பாள் எடுத்தாள்:

“வரப்போரம் நண்டு வளை, வயலெல்லாம் சேறு,
வாயில்லாத வீட்டுக்காரி வச்சதென்ன சாறு?”

அம்சம் நாற்றிலிருந்து தலையைத் தூக்காமலே திருப்பிக் கொடுத்தாள்:

“சாறு வச்சா மணக்குமுன்னு சந்து வழி பாத்தவளே,
மோந்து மோந்து நின்னதிலே மூக்குத்தியும் போச்சுதா?”

சைக்கிளை நிறுத்தினேன். வெயில் ஏறியது தெரியவில்லை. நான் போய்ச் சேர வேண்டிய கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்து, பந்தியும் முடிந்து, பெண் வீட்டார் என்னைத் திட்டியும் முடித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் கேசட் என்றால் ஊர் உயிரை விடும். பஸ்ஸில் கேசட், டீக்கடையில் கேசட். இந்த இரண்டு பேரையும் ஒரு கேசட்டில் அடைத்துவிட்டால் நான் மாயவரத்தில் மாடி வீடு கட்டிவிடுவேன் என்று கணக்குப் போட்டேன்.

கேட்கப் போனபோது அம்சம், “அவ என்ன சொன்னா?” என்றாள். அவள் சரி என்றால் இவளும் சரி. நீலாம்பாள் வெற்றிலையை மென்றுகொண்டே வேலிப் பக்கம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “பாய், அந்த டேப்புல அவ கொரலும் வருமா? வீட்டுல வச்சுக் கேக்கலாமா?” என்றாள். வரும், கேட்கலாம் என்றேன். “அப்ப எடுங்க” என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது மாடி வீடு இல்லை. அம்சம் தன்னோடு பேச வேண்டும். தானாகப் போய்க் கேட்க வீம்பு விடவில்லை. கேசட் வந்தால் அந்தக் குரலாவது வீட்டுக்குள் வருமே என்று நினைத்திருக்கிறாள். எனக்கு அப்போதே மனதில் ஏதோ உறுத்தியது. ஆனால் மாடி வீட்டுக்கு என்ன வண்ணம் பூசலாம் என்ற யோசனை அதை அமுக்கிவிட்டது.

மாயவரத்தில் என் நண்பன் ஜெக்கரியா சுவரெல்லாம் சாக்கு அடித்து ஒரு ரிக்கார்டிங் அறை வைத்திருந்தான். இருவரையும் அழைத்துப் போனேன். பஸ்ஸில் ஒருத்தி முன் படிக்கட்டில் ஏறினாள், ஒருத்தி பின் படிக்கட்டில். அறையில் மைக் முன்னால் நேராக நிறுத்தினோம். சத்தமே வரவில்லை. நிமிர்ந்து நின்றுகொண்டு எப்படிப் பாடுவது என்று நீலாம்பாள் கேட்டாள். மைக்கைத் தரைக்கு இறக்கினோம். குனிந்தார்கள். கையில் நாற்று இல்லாமல் பாட்டு வரவில்லை. ஜெக்கரியா துடைப்பத்தைப் பிரித்து ஆளுக்கொரு பிடி ஈர்க்குச்சி கொடுத்தான். அதன் பிறகுதான் பாட்டு வந்தது, அருமையாக வந்தது. ஆனால் நடவு என்பது பின்னால் நகர்ந்துகொண்டே நடுகிற வேலை. இவர்கள் இரண்டடி பாடினால் இரண்டடி பின்னால் போனார்கள். மைக் இருந்த இடத்தில் இருந்தது. குரல் தேய்ந்துகொண்டே போய், இருவரின் முதுகும் சாக்குச் சுவரில் முட்டியதும் கரை வந்துவிட்டது என்று பாட்டை நிறுத்திவிட்டுக் கால் கழுவத் தண்ணீர் தேடினார்கள். மறுபடி ஆரம்பித்தாலும் இதே கதைதான். எந்தப் பாட்டும் அறையின் நீளத்துக்கு மேல் போகவில்லை. உங்கள் கேசட்டுக்கு நான் சுவரை இடித்துக் குத்தாலம் வரைக்கும் நீட்ட வேண்டும் என்று ஜெக்கரியா சொல்லிவிட்டான்.

கடைசியில் வயலிலேயே எடுப்பது என்று முடிவாயிற்று. மிராசு அமிர்தலிங்கத்தின் வயல். கரையில் லாரி பேட்டரி, மூங்கில் கழியின் நுனியில் மைக். அந்தக் கழியைத் தோளில் தாங்கிக்கொண்டு, அவர்கள் பின்னால் நகர நகர நான் சேற்றில் முன்னால் நடந்தேன். கைலியை எவ்வளவு தூக்கிக் கட்டினாலும் போதவில்லை. வயலில் நிற்கிறவன் பாட்டுக்குத் தப்ப முடியுமா? என் கால் நிறத்தைப் பற்றி நீலாம்பாள் ஒன்று எடுத்தாள், அதற்குமேல் தெரிந்ததைப் பற்றி அம்சம் ஒன்று எடுத்தாள். அந்த இரண்டையும் பிறகு அழித்துவிட்டேன். கேசட் தயாரிப்பாளனுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

நடுவில் மிராசு அமிர்தலிங்கம் குடையோடு வரப்பில் வந்தார். நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி ஒரு நாற்று முடியை எடுத்து அவர் காலுக்கு முன்னால் வைத்தாள். அப்படி வைத்துவிட்டால், பாட்டைக் கேட்டு ஏதாவது கொடுக்காமல் தாண்டக் கூடாது. நீலாம்பாள் எடுத்தாள்:

“கொட பிடிச்சு வாராரு கொல்லமேட்டு மிராசு,
கொடைக்கடியில் நெழலிருக்கு, எங்க கூலிக்கேது மவுசு?”

போராட்டத்தில் எதிரெதிரே நின்றவர்கள். ஆனாலும் அவர் சிரித்தபடி மடியில் கைவிட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். போனவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது கேசட்டில் வருமா என்று கேட்டார். வரும், நடுவில் உங்கள் இருமலும் வரும் என்றேன். மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, இருமாமல், அதே வரப்பில் இரண்டு தடவை நடந்தார். நீலாம்பாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருவரை ஒரு நடவுக்கு ஒரு தடவைதான் பாடுவார்களாம்.

கேசட்டுக்கு ‘சேற்றுக் குயில்கள்’ என்று நான்தான் பெயர் வைத்தேன். குயில் எங்கே நாற்று நட்டது என்று நீலாம்பாள் கேட்டாள். அட்டைக்குப் படம் எடுக்க இருவரும் சேர்ந்து நிற்க மாட்டோம் என்றார்கள். தனித்தனியாக எடுத்து ஒட்டினோம். அச்சகத்துக்காரன் இடம் வலம் மாற்றி ஒட்டிவிட்டதில், ஒருத்தி கிழக்கே பார்க்கிறாள், ஒருத்தி மேற்கே பார்க்கிறாள். உள்ளே இருக்கிற விஷயத்துக்கு அதுவே பொருத்தமாக அமைந்துவிட்டது.

கேசட் ஓடியது. ஓட்டம் என்றால் ஓட்டம். மாயவரம் பஸ்ஸில் அதைப் போடாவிட்டால் பெண்கள் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். முன் சீட்டுக்காரர்கள் நீலாம்பாள் கட்சி, பின் சீட்டுக்காரர்கள் அம்சம் கட்சி. ஒரு டீக்கடையில் இதை வைத்து இரண்டு கழகத்துக்காரர்களும் கட்சி மாறி உட்கார்ந்து சண்டை போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். சிங்கப்பூரிலிருந்து திரும்பியிருந்த பக்கிரி வீட்டில்தான் அந்தத் தெருவின் ஒரே டேப்ரெக்கார்டர் இருந்தது. வேலை விட்டு வந்ததும் நீலாம்பாள் அங்கே போய் மூலையில் உட்காருவாள். போடச் சொல்லிக் கேட்பாள். அம்சத்தின் குரல் வரும்போது மட்டும் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிடுவாள் என்று பக்கிரி என்னிடம் சொன்னான். அம்சம் அந்தப் பக்கமே வரவில்லை. தான் பாடியதைத் தானே என்ன கேட்பது என்பாளாம்.

தை மாதம் பக்கிரியின் குழந்தைக்குக் காதுகுத்து. பந்தல் போட்டு, தெருவே திரண்டிருந்தது. மைக் செட் நான்தான், எனவே கேசட்டும் என்னுடையதுதான். அம்சம் பந்தலோரம் அரிவாள்மணையில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நீலாம்பாள் தூரத்தில் சோற்று அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். தாய்மாமன் மடியில் குழந்தை, எதிரே ஊசியோடு பத்தர். நான் கேசட்டின் இரண்டாம் பக்கத்தைப் போட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எதிர்ப்பாட்டுக் கட்டுகிறவள் எதிராளியின் பாட்டை முழுதாகக் கேட்பதே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தால் எப்போது கட்டுவது? கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு அதில் தன் பாட்டைத் தொடங்கிவிடுவாள். ஆறேழு வருஷமாக இந்த இருவரும் அப்படித்தான் பாடிவந்திருக்கிறார்கள். இப்போது அம்சத்தின் கையில் நாற்று இல்லை, காலில் சேறு இல்லை, பதில் கட்ட வேண்டிய அவசரமும் இல்லை. முதன்முறையாக அவள் வெறுமனே உட்கார்ந்து கேட்டாள். குழாயில் நீலாம்பாள் பாடினாள்:

“வேலிக்கு அந்தப் பக்கம் வெந்நி கொதிக்கும் வீட்டிலே
புள்ள இருமும் சத்தம் கேட்டுப் பொழுதெல்லாம் நின்னேனே.
கூப்பிட்டா ஓடி வர கொலுசு கூட போடலே,
கூப்பிடாத வாசலுக்குக் கூசாம வருவேனோ?”

அடுத்த மூச்சில் அம்சத்தின் குரலே சிரித்துக்கொண்டு வந்தது:

“வருவேனோன்னு கேட்டவளே, வழுக்குதடி வரப்பு,
வந்து விழுந்தா நண்டு வந்து வாங்கிக்குமே மூக்க!”

பஸ்ஸில் இந்த இடத்தில்தான் எல்லாரும் சிரிப்பார்கள். பந்தலிலும் சிரித்தார்கள். அம்சம் அரிவாள்மணையை மடக்கிவிட்டு எழுந்து நேராக என்னிடம் வந்தாள். “அத திருப்பிப் போடுங்க பாய்” என்றாள். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாள். தன் குரல் வருவதற்கு முன்னால் நிறுத்தச் சொன்னாள். அதற்குள் பந்தலில் சிரிப்பு அடங்கிவிட்டது. பத்தர் ஊசியை நீட்டியது நீட்டியபடி இருந்தார்.

அம்சம் நடந்து போய் அடுப்புக்கு முன்னால் நின்றாள். நீலாம்பாள் விறகைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

“கூப்பிட்டா வந்திருப்பியா?” என்றாள் அம்சம்.

தெருப் பெரியவர் ஒருவர் குறுக்கே வந்து, சேற்றில் பாடினதைக் கரையில் எடுக்கக் கூடாது, இது முறையில்லை என்றார். அம்சம் திரும்பாமலே, நான் எங்கே எடுத்தேன், பாய்தான் எடுத்து ஊரெல்லாம் போட்டுக்கொண்டிருக்கிறார் என்றாள். தெரு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஆம்ப்ளிஃபயரைக் கையால் அணைத்துக்கொண்டேன். வாய்க்கால் பக்கத்தில்தான் இருந்தது.

“வந்திருப்பேன்” என்றாள் நீலாம்பாள்.

“கூப்பிட எனக்கு வாய் எங்கக்கா இருந்துச்சு? ஊரு முன்னாடி நீதான அத அடச்சே.”

இவ்வளவு வருஷம் கழித்து அக்கா என்ற அந்தச் சொல் வந்துவிட்டது. நீலாம்பாளுக்கு முகம் கோணிக்கொண்டது. நான் அழுதேனா என்று கேட்காதீர்கள், அடுப்புப் புகை எல்லாப் பக்கமும்தான் வந்தது. பிறகு இரண்டு பேரும் கத்த ஆரம்பித்தார்கள். கொடியைப் பற்றி, காய்ச்சலைப் பற்றி, அரிவாளைப் பற்றி, கேட்காமல் போன நலத்தைப் பற்றி. நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று தாய்மாமன் கெஞ்சினார். ஒருவரும் குழந்தைப் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் குழந்தையே அழுது தன் காதை நினைவுபடுத்த வேண்டியிருந்தது. சாயங்காலம் நான் குழாயை அவிழ்க்கும்போது ஓரகத்திகள் இருவரும் ஒரே சாக்கில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பூசணிக்காய் நறுக்காமலே கிடந்தது.

அத்தோடு என் மாடி வீடு போயிற்று. ஜெக்கரியா இரண்டாவது கேசட்டுக்குத் தயாராக இருந்தான், பஸ்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அடுத்த நடவில் மைக்கோடு போய் நின்றேன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து நட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். பாட்டு இல்லை. மற்ற பெண்களுக்குக் கை ஓடவில்லை. மிராசு அமிர்தலிங்கம் என்னிடம் வந்து, போராட்டத்தில்கூட இவ்வளவு நஷ்டம் இல்லை, எப்படியாவது இவர்களைப் பிரித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சலவைச் சட்டை வேறு போட்டிருந்தார்.

நானும் முயன்றேன். அம்சம் வீட்டுக்குப் போய், இந்தக் கேசட் ஓடியதே தன் குரலால்தான் என்று நீலாம்பாள் ஊரெல்லாம் சொல்வதாக ஒன்றைப் போட்டேன். அம்சம் என்னை நிற்க வைத்துக்கொண்டே வேலிப் பக்கம் திரும்பி, “அக்கா, பாய் வந்திருக்காரு, நமக்குள்ள சண்ட மூட்டணுமாம், வா” என்று குரல் கொடுத்தாள். வீட்டில் இதைச் சொன்னபோது பாத்திமா சிரித்த சிரிப்பு கடைத்தெரு வரைக்கும் கேட்டது. குழாய் தேவைப்படவில்லை.

அன்றைக்கு அம்சம் கூப்பிட்டதும் நீலாம்பாள் வேலியைச் சுற்றிக்கொண்டு வரவில்லை. வேலியில் இப்போது ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வழி இருந்தது. வந்தவள் கோபப்படவில்லை. எனக்கு ஒரு மணையை எடுத்துப் போட்டாள். என் மாடி வீட்டைப் பற்றி, ஜெக்கரியாவைப் பற்றி, பஸ்காரர்களைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

“இவளோட பேசறதுக்கு வழியில்லாமத்தான் பாய் பாடுனேன்” என்றாள். “பேசாம விட்டது நெறைய கெடக்கு. அத பேசி முடிச்சிக்கிறோம். அப்பறம் வாங்க, பாடறோம்.”

நான் ஒவ்வொரு நடவுக்கும் போய்க் கேட்டேன். கேசட் போய் சி.டி. வந்தது, சி.டி.யும் போயிற்று. மிராசு அமிர்தலிங்கம் காலமானார். சுந்தரி படித்து முடித்து மாயவரத்தில் நர்ஸ் வேலைக்குப் போனாள். நீலாம்பாளுக்கு முட்டி வலி வந்தது, நடவுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு நடவு இல்லையென்றால் எனக்கும் இல்லை என்று அம்சமும் நிறுத்திவிட்டாள்.

போன ஆடியில் போயிருந்தேன். இருவரும் வாசலில் முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். பேசி முடித்தாயிற்றா என்று கேட்டேன். அம்சம் கையைக் காட்டி என்னைச் சற்று உட்காரச் சொன்னாள். நீலாம்பாள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள், இவள் அதற்கு ம் கொட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கேட்ட பிறகுதான் விளங்கியது. எண்பதாம் வருஷத்து அறுவடை அன்றைக்குக் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதைத்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் வயலுக்கே போய்ச் சேரவில்லை. நான் மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு பிடி மொச்சையை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.